டப்ளின் முதல் புளோரன்ஸ் வரை: பழைய லத்தீன் ஏடுகளின் எழுத்தைத் தேடி

திங்கள், டப்ளின்

கெல்ஸ் நூல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்த ஒரு பக்கம்தான். கிறிஸ்துவின் பெயரில் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகள் பக்கம் முழுக்கச் சுருண்டு சுழன்று, இடுக்கில் பூனை, எலி, மீனைக் கவ்விய நீர்நாய் எல்லாம் ஒளிந்திருக்குமே, அது. இன்று டிரினிட்டி கல்லூரியில் கண்ணாடிப் பேழைக்குள் அந்தப் பக்கம் திறந்திருக்கவில்லை. பெரிய ஓவியம் எதுவும் இல்லாத, எழுத்து மட்டுமே நிறைந்த ஒரு பக்கம். பக்கத்தில் நின்ற குடும்பம் அரை நிமிடத்தில் நகர்ந்துவிட்டது. எனக்கோ இதைவிட நல்ல பக்கம் வாய்த்திருக்காது. இந்தப் பயணமே எழுத்துக்காகத்தான்: ஐரோப்பாவின் லத்தீன் ஏடுகளில் எழுத்து ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனது, யாருக்காகப் போனது என்று, அந்த ஏடுகள் இருக்கிற ஊர்களுக்கே போய்ப் பார்ப்பது. பட்டை முனைப் பேனாவில் எழுதிப் பழகுகிற யாருக்கும் இந்த ஆசை ஒருநாள் வரும்.

நூலைப் பற்றிக் கொஞ்சம். கி.பி. 800 வாக்கில் எழுதியது, நான்கு நற்செய்திகள். 340 ஏடுகள், அதாவது 680 பக்கம், எல்லாமே கன்றுத் தோல். ஏறக்குறைய 185 கன்றுகள் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்கு மேற்கே அயோனா தீவில் இருந்த மடத்தோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். 806இல் வைக்கிங்குகள் அந்தத் தீவைத் தாக்கி 68 பேரைக் கொன்றார்கள். அதன்பிறகு துறவிகளில் பலர் அயர்லாந்தின் கெல்ஸுக்கு வந்து சேர்ந்தார்கள். 1007இல் நூல் களவு போய், பொன் உறை பிய்க்கப்பட்ட நிலையில், சில மாதம் கழித்து மண்ணுக்கடியில் கிடைத்ததாக ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. இத்தனையும் தாண்டி மை இன்னும் கருப்பாகவே நிற்கிறது.

எழுத்துக்கு இன்சுலர் மஜஸ்கூல், அதாவது தீவுகளின் பெரிய எழுத்து, என்று பெயர். நன்றாக அகன்ற, உருண்டையான எழுத்து. செங்குத்துக் கோடு ஒவ்வொன்றின் தலையிலும் ஆப்பு அடித்ததுபோல ஒரு முக்கோணம். பேனாவின் பட்டை முனையை வரிக்கு இணையாகப் படுக்க வைத்துப் பிடித்தால்தான் இறங்கும் கோடு இவ்வளவு தடிப்பாகவும் படுக்கைக் கோடு முடியளவு மெல்லிசாகவும் வரும். அப்படிப் பிடிப்பது மணிக்கட்டுக்கு இயல்பான கோணம் கிடையாது, கொஞ்ச நேரத்தில் வலிக்கத் தொடங்கும். அந்த ஆப்புத் தலைக்கோ தனியாக இன்னொரு இழுப்பு. ஆக இது அவசரத்துக்கு எழுதிய எழுத்து இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் கட்டியிருக்கிறார்கள். வரி முடிகிற இடத்தில் சொல் மிஞ்சிப்போனால், மிச்ச எழுத்துகளை மேல் வரியிலோ கீழ் வரியிலோ காலியாக இருக்கும் இடத்தில் செருகி, அது எந்த வரியைச் சேர்ந்தது என்று காட்ட ஒரு சின்ன விலங்கையோ குறியையோ போட்டுவிடுகிறார்கள். நூலில் ஓரிடத்தில் ஒரு பக்கத்தின் வாசகத்தையே இரண்டு முறை எழுதிவிட்டு, பிறகு தேவையில்லாததன் ஓரங்களில் சிவப்புச் சிலுவைகள் இட்டு ரத்து செய்திருக்கிறார்கள். சுரண்டி அழிக்கவில்லை, அதையும் அழகாகவே செய்திருக்கிறார்கள்.

மையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அந்தக் காலத்து ஐரோப்பிய மை என்பது பெரும்பாலும் மாசிக்காய், அன்னபேதி, பிசின், தண்ணீர். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வாங்குகிற அதே மாசிக்காய்தான், ஓக் மரத்தில் குளவி முட்டையிட்ட இடத்தில் உருண்டையாகப் புடைத்து வருவது. அதன் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருமை. எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப்பட்டுக் கறுக்கும், தோலுக்குள் கடித்து இறங்கிவிடும். வேண்டாம் என்றால் கத்தியால் சுரண்டத்தான் வேண்டும்.

மேலே கல்லூரியின் பழைய நூலகமான நீள்கூடத்துக்கும் போனேன். பாதுகாப்புப் பணிக்காக இரண்டு லட்சம் நூல்களை எடுத்துவிட்டதால் அலமாரிகளில் பெரும்பாலானவை காலி.

செவ்வாய், டப்ளின்

நேற்றைய கூட்டத்தில் கால் பங்குகூட இன்று இல்லை, ஆனால் எழுத்துப் பைத்தியங்களுக்கு டப்ளினில் அதிக முக்கியமான இடம் இன்று போனதுதான் என்பேன். டாசன் தெருவில் ராயல் ஐரிஷ் அகாடமி. அயர்லாந்தில் எழுதி, இன்றும் கிடைக்கிற ஏடுகளிலேயே பழையதாகக் கருதப்படும், பைபிளின் சங்கீதப் புத்தகம் இவர்களிடம்தான் இருக்கிறது, கஹாக் என்பார்கள். ஆறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி அல்லது அதையொட்டி. அதில் 58 தாள்கள் மிஞ்சியிருக்கின்றன. பார்வைக்கு வைத்திருந்தது நகல். மூலத்தை எப்போதாவதுதான் வெளியே எடுக்கிறார்கள், அதுவே நல்லது.

இதற்கு ஒரு கதை உண்டு. கொலும்பா என்ற துறவி, பின்னியன் என்பவரிடம் இருந்த சங்கீதப் புத்தகத்தை அவருக்குத் தெரியாமல் ராத்திரியில் படியெடுத்தாராம். பின்னியன் அந்தப் படி தனக்கே சேர வேண்டும் என்று கேட்க, வழக்கு அரசன் டியர்மட்டிடம் போனது. எந்தப் பசுவோ அதற்கே கன்று, எந்த நூலோ அதற்கே படி என்று அரசன் தீர்ப்புச் சொன்னான். கொலும்பா ஏற்கவில்லை. 561இல் நடந்த ஒரு போருக்கு இதைக் காரணமாகச் சொல்கிறது மரபு, அதன்பின்தான் அவர் அயர்லாந்தை விட்டு அயோனாவுக்குப் போனாராம். அந்தப் படி இதுதான் என்றும் நம்பினார்கள். பிற்காலத்தில் இதைப் பேழைக்குள் வைத்து, படையைச் சுற்றி எடுத்துப் போய்விட்டுத்தான் போருக்குக் கிளம்புவார்களாம். பேழை கில்டேர் தெரு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நடக்கிற தூரம்தான்.

கதை இருக்கட்டும். எழுத்தைப் பார்த்தால், ஒவ்வொரு சங்கீதமும் ஒரு பெரிய எழுத்தில் தொடங்கி, அடுத்தது கொஞ்சம் சிறிதாக, அதற்கடுத்தது இன்னும் சிறிதாக, நான்கைந்து எழுத்தில் வாசகத்தின் சாதாரண அளவுக்கு இறங்கிவருகிறது. கண்ணை உள்ளே கூட்டிக்கொண்டு போகிற வேலை அது. புதிய பகுதி இங்கே தொடங்குகிறது என்று வாசிக்கிறவருக்குச் சொல்வதற்காக எழுத்தின் அளவையே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஐரிஷ்காரர்கள் செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரியது. ரோமர்களின் நூல்களில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, வரி முழுக்க ஒரே ஓட்டம். லத்தீனைப் பேசி வளர்ந்தவனுக்கு அது பெரிய கஷ்டமில்லை, வாய்விட்டு வாசித்தால் சொல் தானாகப் பிரிந்துவிடும். ஐரிஷ் துறவிக்கு லத்தீன் மடத்தில் இலக்கணம் படித்துக் கற்ற மொழி. காது உதவாது. ஏழாம் நூற்றாண்டுவாக்கில் இவர்கள்தான் சொற்களை விலக்கி எழுத ஆரம்பித்தார்கள். நம் ஓலைச்சுவடிகளைப் படித்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இடைவெளியும் இல்லை, பெரும்பாலும் புள்ளியும் இல்லை, கொம்பில் குறில் நெடில் வேறுபாடும் இல்லை. தமிழ் தெரிந்த கண்ணுக்கே ஒரு பாட்டைப் பிரித்துப் படிக்க நேரம் எடுக்கும். தமிழே தெரியாத ஒருவர் கையில் அதைக் கொடுத்து, படிக்கவும் எழுதவும் சொன்னால் அவர் முதலில் என்ன செய்வாரோ, அதைத்தான் அயர்லாந்தில் செய்தார்கள். வாசிக்கத் திணறியவர்கள்தான் எழுத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. போகிற ஊர்களில் எல்லாம் இதைச் சரிபார்க்கப் போகிறேன்.

புதன், லண்டன்

பிரிட்டிஷ் நூலகம், செயின்ட் பாங்க்ரஸ். நூலகத்தின் அரிய நூல்களுக்கென்று ஒரு கூடம், கட்டணம் இல்லை. இருட்டான அறை, பேழைகளில் மட்டும் மங்கல் விளக்கு. காலையில் நுழைந்து மதியச் சாப்பாட்டை மறந்தே போனேன்.

முதலில் நின்றது சினாய் ஏட்டின் முன்னால். நான்காம் நூற்றாண்டு, கிரேக்க பைபிள், பக்கத்துக்கு நான்கு பத்தி. சினாய் மலையடிவாரத்து மடத்திலிருந்து ரஷ்யாவுக்குப் போய், 1933இல் சோவியத் அரசிடமிருந்து ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கினார்கள், அதில் பாதிக்கு மேல் பொதுமக்கள் கொடுத்த நன்கொடை. 347 தாள்கள் இங்கே; மற்றவை லைப்சிக்கிலும் சினாயிலும் ரஷ்யாவிலும். எழுத்து அத்தனை சீரானது, வட்டம் வட்டமாகவும் சதுரம் சதுரமாகவும் நிற்கிறது. ஆனால் நேற்றுச் சொன்ன அதே விஷயம்: ஒரு சொல்லுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே மூச்சுவிட இடம் இல்லை. கிரேக்கம் பேசியவர்கள் கிரேக்கம் பேசியவர்களுக்காக எழுதியது.

அப்புறம் லிண்டிஸ்பார்ன் நற்செய்தி நூல். ஏறக்குறைய 700, அல்லது அதற்கடுத்த இருபது ஆண்டுக்குள். இதை எழுதியது ஈட்ஃப்ரித், 698 முதல் 721 வரை லிண்டிஸ்பார்ன் தீவின் ஆயர். கெல்ஸில் பல கைகளைப் பிரித்தறியலாம், இங்கே எழுத்தும் ஓவியமும் சேர்ந்து பெரும்பாலும் ஒரே கை. நேரில் பார்க்கும்போது அந்த ஒருமை தெரிகிறது: நாற்பது வரிக்குப் பிறகும் 'ஓ' எழுத்தின் வயிறு அதே அளவு.

ஆனால் என்னை அங்கிருந்து நகரவிடாமல் செய்தது வரிகளுக்கு நடுவே பொடியாக ஓடுகிற இன்னொரு எழுத்து. 250 ஆண்டுகளுக்குப் பிறகு, பத்தாம் நூற்றாண்டில், ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் ஒவ்வொரு லத்தீன் சொல்லின் தலைமேலும் அதற்குரிய பழைய ஆங்கிலச் சொல்லை எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இன்று கிடைக்கிற நற்செய்தி மொழிபெயர்ப்புகளில் மிகப் பழையது இதுதான். இப்படி ஒரு கலைப்பொருளின் மேல் கிறுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. லத்தீன் தெரியாதவர்கள் வந்துவிட்டார்கள், அவர்களுக்கு நூல் திறக்க வேண்டும், அவ்வளவுதான். இதை எழுதியது ஈட்ஃப்ரித் என்ற செய்தியே ஆல்ட்ரெட் கடைசியில் எழுதிய குறிப்பால்தான் நமக்குத் தெரியும். பெரிய எழுத்து நிமிர்ந்து உருண்டு நிற்க, ஆல்ட்ரெட்டின் சின்ன எழுத்து கூர்கூராக, வால் நீட்டி, வேகமாக ஓடுகிறது. ஒரே குடும்பத்தின் இரண்டு நடைகள் ஒரே பக்கத்தில்.

உள்ளங்கையில் அடங்கும் செயின்ட் கத்பர்ட் நற்செய்தியைப் பற்றியும் ஒரு வரி. 138க்கு 92 மில்லிமீட்டர். 1104இல் டர்ஹாமில் கத்பர்ட்டின் சவப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது. முதலில் போட்ட பைண்டிங் குலையாமல் நம் கைக்கு வந்த ஐரோப்பிய நூல்களில் இதுதான் மூத்தது. 2012இல் 90 லட்சம் பவுனுக்கு வாங்கினார்கள். எழுத்து தீவு எழுத்து இல்லை, ரோமாபுரி வழிவந்த அன்சியல் என்ற உருண்டைப் பெரிய எழுத்து. அந்த வடக்கு மூலையில் உட்கார்ந்துகொண்டு இத்தாலியக் கையை இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார்கள். இதை எழுதிய வேர்மவுத்-ஜாரோ மடத்தின் இன்னொரு பெரிய நூல் புளோரன்ஸில் இருக்கிறது, அங்கே போகும்போது சொல்கிறேன்.

வியாழன், பாரிஸ்

காலம் வரிசைப்படி போனால் இன்று சுவிட்சர்லாந்தில் இருக்க வேண்டும், ரயில் வசதிக்காகப் பாரிஸ் முன்னால் வந்துவிட்டது. அதனால் 13ஆம் நூற்றாண்டுக்கு ஒரே தாவல்.

சென் ஆற்றின் தென்கரையில், சான் செவரின் கோயிலை ஒட்டி ஒரு குறுகலான தெரு, ரூ த லா பார்ஷ்மினரி. தோல் பதப்படுத்தி விற்றவர்களும் காசுக்கு எழுதிக் கொடுத்தவர்களும் இருந்த தெரு. எழுத்து மடத்தை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்த இடம். பல்கலைக்கழகம் வந்துவிட்டது, மாணவர்கள் வந்துவிட்டார்கள், எல்லோருக்கும் நூல் வேண்டும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அருமையானது. திருத்திச் சரிபார்த்த மூலப்படியைக் கட்டாமல், தனித்தனி மடிப்புகளாகவே கடைக்காரர் வைத்திருப்பார். ஆளுக்கொரு மடிப்பு வாடகைக்கு எடுத்துப் போய் எழுதிவிட்டு, திருப்பிக் கொடுத்து அடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் ஒரே நூலிலிருந்து பல படிகள் வளரும். வாடகை எவ்வளவு என்று பல்கலைக்கழகமே விலைப்பட்டியல் போட்டது, 1275இலும் 1304இலும் போட்டவை இன்றும் கிடைக்கின்றன.

தோல் விலை அதிகம். எனவே எழுத்தைக் குறுக்கினார்கள். உருண்டைகள் உடைந்து கோணங்களாயின, எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன, சில ஜோடிகள் ஒரே கோட்டைப் பங்குபோட்டுக்கொண்டன. மேலே ஒரு கோடு போட்டால் 'எம்' அல்லது 'என்' விடுபட்டிருக்கிறது என்று பொருள். 'பி'யின் (p) காலில் குறுக்குக் கோடு போட்டால் அது 'பெர்'. இப்படிச் சுருக்கிச் சுருக்கி, முழு பைபிளையும் சட்டைக்குள் வைத்துக்கொள்கிற ஒரே புத்தகமாக்கினார்கள். ரிஷெலியு தெருவில் தேசிய நூலகத்தின் பழைய கட்டடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். வெங்காயச் சருகளவு மெல்லிய தோல், எழுத்து ஓரிரு மில்லிமீட்டர். இறகைச் சீவி அதில் இப்படி எழுதுவது எப்படி என்று நினைத்தாலே விரல் கூசுகிறது.

பெரிய வழிபாட்டு நூல்களில் இதே எழுத்தின் கம்பீரமான வடிவம் டெக்ஸ்டுரா. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் பக்கம் முழுக்க ஒரே சீரான கருமை, அவ்வளவு ஒழுங்கு. கிட்டே போய் வாசிக்கப் பார்த்தால்தான் சங்கடம். 'ஐ', 'எம்', 'என்', 'யு' நான்கும் ஒரே மாதிரி குட்டைச் செங்குத்துக் கோடுகளால் ஆனவை. 'மினிமும்' என்ற சொல்லை எழுதினால் அடுத்தடுத்துப் பதினைந்து கோடுகள், அவ்வளவுதான். இதில் எங்கே 'ஐ' இருக்கிறது என்று காட்டத்தான் அதன் தலைக்கு மேல் மெல்லிய கீற்று ஒன்று போடும் வழக்கம் பரவியது. இன்று நாம் போடுகிற 'ஐ' புள்ளி அந்தக் கீற்றின் மிச்சம். எழுதுகிறவரின் செலவுக் கணக்கு ஜெயித்த காலத்திலும் வாசிக்கிறவர் தன் பங்குக்கு ஒரு புள்ளியைப் பிடுங்கிக்கொண்டார்.

கோத்திக் எனப்படும் இந்த நெருக்க எழுத்தை இருண்ட காலத்து எழுத்து என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏழை மாணவன் கையில் நூல் போய்ச் சேர்ந்ததே இந்த நெருக்கத்தால்தான்.

சனி, செயின்ட் காலன்

நேற்று முழுக்கப் பயணம், ஜூரிச் வந்து இரவு தங்கி, காலையில் ஒரு மணி நேர ரயிலில் இங்கே.

இன்று எழுத நிறைய இருக்கிறது. காலஸ் என்ற ஐரிஷ் துறவி 612இல் இங்கே காட்டுக்குள் குடிசை போட்டார், ஒரு நூற்றாண்டு கழித்து அது மடமானது. மடம் 1805இல் கலைக்கப்பட்டும் நூலகம் மட்டும் சிதறாமல் அப்படியே நிற்கிறது. ஏறத்தாழ 2,100 கைப்பிரதிகள், அதில் 400 வரை ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. கூடத்துக்குள் நுழைய, செருப்புக்கு மேல் பெரிய கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டு, மரத்தரையில் வழுக்கி வழுக்கித்தான் நடக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கூடம், வளைந்து வளைந்து போகும் மர மாடம், கூரையெங்கும் ஓவியம். ஒரு மூலையில் எகிப்திய மம்மி வேறு. நான் பேழைகளோடு நின்றுவிட்டேன்.

இங்கேதான் சார்லமேன் மாமன்னர் காலத்துக் கரோலிங்கியன் எழுத்தைப் பொறுமையாகப் பார்க்க முடிந்தது. அதற்கு முன்பு ஐரோப்பாவில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கை. லக்சேயில் ஒன்று, கோர்பியில் ஒன்று, ஸ்பெயினில் ஒன்று, தெற்கு இத்தாலியில் ஒன்று, செயின்ட் காலனிலேயே அலமானிக் என்று ஒன்று. ஒரு மடத்தில் எழுதியதை இன்னொரு மடத்தார் தட்டுத்தடுமாறித்தான் படிக்க முடியும். சார்லமேன் பல மொழி பேசும் நாடுகளைப் பிடித்து வைத்திருந்தார், எல்லா இடத்திலும் ஒரே வழிபாடு, பிழையில்லாத நூல்கள் வேண்டும் என்றார். 789இல் அதற்கு ஆணையே போட்டார். அவரே ஒரு வடிவத்தை வரைந்து கொடுத்ததாக நினைக்க வேண்டாம். கோர்பி மடத்தில் 770களிலேயே இந்த எழுத்து வந்துவிட்டது, 780களின் தொடக்கத்தில் அரசவையில் கோடெஸ்கால்க் எழுதிய நூலில் இருக்கிறது, பிறகு ஆல்குயின் தலைமையில் தூர் மடம் இதைச் செம்மையாக்கி வண்டி வண்டியாக பைபிள்களை எழுதி அனுப்பியது. மாமன்னர் வயதான காலத்தில் தலையணைக்கு அடியில் மெழுகுப் பலகை வைத்துக்கொண்டு தூக்கம் வராதபோது எழுதிப் பழகினார், ஆனால் கை வரவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்ட் சொல்கிறார். அந்த மனிதரின் காலத்து எழுத்துதான் இன்று உலகமெங்கும் விசைப்பலகையில் தட்டுகிற ஆங்கிலச் சிறிய எழுத்து.

அப்படி என்ன இருக்கிறது இதில்? ஒவ்வொரு எழுத்தும் தனியாக நிற்கிறது. பக்கத்து எழுத்து எதுவானாலும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதில்லை. 'பி' (b), 'டி' (d), 'எல்' (l) மேலே எட்டிப் பார்க்கின்றன, 'பி' (p), 'க்யூ' (q) கீழே கால் நீட்டுகின்றன, அதனால் ஒரு சொல்லுக்கு மேடுபள்ளமான ஒரு வெளிக்கோடு கிடைக்கிறது, கண் அதைப் பிடித்துக்கொள்கிறது. சொல்லுக்குச் சொல் இடைவெளி, ஐரிஷ்காரர்கள் ஆரம்பித்தது, இங்கே வழக்கமாகிக்கொண்டிருக்கிறது. தலைப்புக்கு ரோமாபுரிக் கல்வெட்டு எழுத்து, முதல் வரிக்கு அன்சியல், உள்ளே சிறிய எழுத்து என்று படிநிலை. எது முக்கியம் என்று வாசகருக்குக் கேட்காமலே தெரிந்துவிடும்.

இந்த மடம் 820-30 வாக்கில் வந்த ஒரு வரைபடத்தையும் வைத்திருக்கிறது. ஐந்து தோல்களைத் தைத்து, அதில் முன்மாதிரி மடம் ஒன்றின் முழு அமைப்பு, கோழிக்கூடு வரைக்கும். கோயிலுக்கு வடக்கே எழுத்தறை, சன்னலோரமாக ஏழு மேசைகள், மேல் மாடியில் நூலகம். மூலத்தையே காட்டுகிறார்கள், ஆனால் சில விநாடிதான், பிறகு மூடிவிடுகிறார்கள். அந்தச் சில விநாடியில் நான் அந்த ஏழு மேசைகளை மட்டும் பார்த்தேன்.

இன்னொன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்த நூலகத்துக்கு எழுதிய பட்டியலில், ஐரிஷ் எழுத்தில் எழுதிய நூல்களுக்கு மட்டும் தனியாக ஒரு பகுதி. நிறுவியவரே ஐரிஷ்காரர் என்றாலும் அவர்கள் கை இங்கே அந்நியமாகிவிட்டது, படிக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். எழுத்து ஒன்றானதன் விலை இது. டப்ளினில் அந்த உருண்டை எழுத்தைப் பார்த்துவிட்டு வந்ததால் எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அந்த ஐரிஷ் ஏடுகளில் ஒன்று, 904 என்று எண்ணிட்டது, லத்தீன் இலக்கண நூல், 850 வாக்கில் அயர்லாந்தில் எழுதியது. வரிகளுக்கு நடுவேயும் ஓரத்திலும் ஆயிரக்கணக்கில் பழைய ஐரிஷ் குறிப்புகள்; அந்த மொழியின் இலக்கணத்தை 19ஆம் நூற்றாண்டில் மீட்டெடுக்கவே இவை பெரிதும் உதவின. அவற்றுக்கிடையே எழுதியவர்களின் புலம்பலும் உண்டு. ஐயோ என் கை என்கிறது ஒன்று. புதுத் தோல், மோசமான மை, இதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறது இன்னொன்று. ஓர் ஓரத்தில் நாலு வரிப் பாட்டு: இன்றிரவு காற்று கடுமை, கடலின் வெள்ளைக் கூந்தலைக் கலைக்கிறது, நார்வேக்காரர்கள் இன்று கடல் தாண்டி வருவார்கள் என்ற பயம் எனக்கில்லை. புயல் அடித்தால்தான் அவர்களால் நிம்மதியாக இலக்கணம் எழுத முடிந்திருக்கிறது.

ஞாயிறு, ரயிலில்

57 கிலோமீட்டர் காட்ஹார்ட் சுரங்கத்துக்குள் கைபேசி வேலை செய்யாத நேரத்தில் யோசித்தது. வியாழனன்று கோத்திக் பற்றி எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. லண்டன் கூடத்தில் குட்டன்பர்க் பைபிளும் இருந்தது, 1455 வாக்கில் மைன்சில் அச்சானது. அச்சு என்பதற்காக அவர் புது எழுத்தை உண்டாக்கவில்லை. டெக்ஸ்டுராவின் சுருக்கக்குறிகள், ஒட்டெழுத்துகள் உட்பட ஏறத்தாழ 290 அச்சு வார்த்தார். கையெழுத்தின் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஜெர்மானியர்கள் இந்தக் குடும்பத்து எழுத்தை விடவே இல்லை; 1941 ஜனவரியில் நாஜி அரசு, அது யூத எழுத்து என்று ஒரு பொய்யைச் சொல்லி ஒரே உத்தரவில் நிறுத்தும் வரைக்கும் பத்திரிகையும் பாடநூலும் பெரும்பாலும் அதில்தான் வந்தன. நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1706இலிருந்து தரங்கம்பாடியில் இருந்த மிஷனரிகள் ஹாலே நகரத்துக்கு எழுதிய கடிதங்கள் ஜெர்மானியரின் குரெண்ட் கையெழுத்தில் இருப்பவை. தஞ்சாவூர்ப் பக்கத்து வரலாற்றை அதிலிருந்து எடுக்க நினைக்கிற நம் ஆய்வாளர்கள், ஜெர்மன் மொழி தெரிந்த பிறகும், அந்தக் கையைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது.

திங்கள், புளோரன்ஸ்

லாரன்சியானா நூலகம். மைக்கலாஞ்சலோ கட்டியது, 1571இல் திறந்தது. அந்த மாடிப்படியைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நான் விடுகிறேன். வாசிப்புக் கூடத்தில் மேசையும் அமரும் பலகையும் ஒன்றாகச் செய்த வரிசைகள், ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அந்த மேசையில் சங்கிலியிட்டு வைத்திருந்த நூல்களின் பட்டியல்.

லண்டனில் சொன்ன பெரிய நூல் இங்கே இருக்கிறது, பார்வைக்கு வைப்பதில்லை: அமியாட்டினஸ் ஏடு. முழு லத்தீன் பைபிள்களில் இன்று கிடைப்பவற்றில் மூத்தது, எடை 34 கிலோ. வடக்கு இங்கிலாந்தில் வேர்மவுத்-ஜாரோ மடத்தில் எழுதி, 716இல் மடாதிபதி சோல்ஃப்ரித் போப்பாண்டவருக்குக் கொடுக்க ரோமாபுரிக்கு எடுத்துக் கிளம்பினார். வழியில் லாங்கர் நகரில் இறந்துபோனார். பிற்காலத்தில் யாரோ அர்ப்பணிப்பு வரிகளில் அவர் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் எழுதினார்கள். 1880கள் வரை இத்தாலியில் எழுதியது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர்கள் அன்சியல் அவ்வளவு கச்சிதம்.

நான் வந்தது, பழைய லத்தீன் நூல்களைத் தேடி எடுத்துப் படியெடுத்த அறிஞர் பொஜ்ஜோ பிராச்சியோலினிக்காக. கொலுச்சியோ சலுடாட்டி இந்த நகரத்தின் தலைமைச் செயலர், முதியவர், கண் மங்கிவிட்டது. 1390களில் ஒரு நூலைக் கேட்டு எழுதும்போது பழைய எழுத்தில் இருந்தால் அனுப்புங்கள், என் கண்ணுக்கு அதுதான் ஒத்துவருகிறது என்கிறார். அவருக்கு முன்பே கவிஞர் பெட்ரார்க், தன் காலத்து நெருக்க எழுத்து தூரத்தில் கண்ணைக் கவர்கிறது, கிட்டே வந்தால் கண்ணைக் களைக்க வைக்கிறது என்று 1366இல் பொக்காச்சியோவுக்கு எழுதியிருக்கிறார். அந்தப் பழைய எழுத்து என்பது கரோலிங்கியன் வழிவந்த ஏடுகள்தான். சலுடாட்டியின் ஒரு நூலை 1402-03இல் அந்தப் பாணியில் எழுதியிருக்கும் இளம் கை பொஜ்ஜோவுடையது என்பது ஆய்வாளர் முடிவு. அந்த ஏடு இதே லாரன்சியானாவில் இருக்கிறது. பிறகு 1416இல், கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபை மாநாடு நடந்த சமயம், பொஜ்ஜோ நான் முந்தாநாள் நின்ற செயின்ட் காலனுக்கே போய், ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியனின் முழு நூலைத் தூசிக்குள்ளிருந்து எடுத்துத் தன் கையால் படியெடுத்தார்.

ஆங்கிலத்தில் ஏன் இரண்டு வகை எழுத்து, பெரிய 'ஜி'க்கும் சிறிய 'ஜி'க்கும் ஏன் முகஜாடையே இல்லை என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. பதில் இந்த நகரத்தில் இருக்கிறது. சிறிய எழுத்துக்கு இவர்கள் கரோலிங்கியன் ஏடுகளைப் பார்த்தார்கள், பெரிய எழுத்துக்கு ரோமாபுரிக் கல்வெட்டுகளைப் பார்த்தார்கள். எட்டுநூறு ஆண்டு இடைவெளியில் பிறந்த இரண்டையும் ஒரே வரியில் உட்கார வைத்தார்கள்.

செவ்வாய், புளோரன்ஸ்

சான் மார்க்கோ மடம். ஃபிரா ஆஞ்சலிகோவின் சுவரோவியங்களுக்காக வருகிறவர்கள் மாடியில் நூலகத்தையும் பார்த்துவிடுங்கள். மிக்கலோட்சோ கட்டி 1444இல் முடித்தது, இரு பக்கமும் மெல்லிய தூண்கள், நல்ல வெளிச்சம். நூல் சேகரிப்பாளர் நிக்கோலோ நிக்கோலி 1437இல் இறந்தபோது ஏறக்குறைய 800 நூல்கள் வைத்திருந்தார், கூடவே கடனும். நகரத்தின் பெரும் செல்வந்தர் கோசிமோ மெடிச்சி கடனை ஏற்றுக்கொண்டு நூல்களில் பாதியை இங்கே, படிக்க வருகிற எல்லோருக்கும் என்று வைத்தார். நிக்கோலி தனக்காகப் படியெடுத்துக்கொண்ட ஆள். பொஜ்ஜோவின் எழுத்தை அவர் வேகமாக எழுதப்போய்ச் சாய்ந்து, எழுத்துகள் கைகோத்து, ஒரு புது நடை வந்தது. 1501இல் வெனிஸில் பதிப்பாளர் ஆல்டஸ், கிரிஃபோ வெட்டிக் கொடுத்த சாய்வு அச்சில் வர்ஜிலைக் கையடக்கப் புத்தகமாகப் போட்டார், அது இந்த நடையின் பிள்ளை. நிமிர்ந்த எழுத்தை அதற்கு முன்பே, 1470இல், அதே வெனிஸில் ஜென்சன் அச்சில் வார்த்துவிட்டார். அந்த அச்சைப் பார்த்தவர்கள் இன்று வந்த புத்தகம் என்றுகூடச் சொல்வார்கள், படிக்க அவ்வளவு சுலபம்.

மாலையில் புரோகொன்சோலோ தெருவில் நடந்தேன், புத்தகக் கடைக்காரர் வெஸ்பாசியானோவின் கடை இருந்த தெரு. கோசிமோவுக்காக 45 எழுத்தர்களை வைத்து 22 மாதத்தில் 200 நூல்கள் எழுதிக் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தப் பயணம் செலவு பிடிக்கிற ஒன்று, எல்லோராலும் கிளம்ப முடியாது. ஆனால் நான் சொன்ன ஏடுகளில் பெரும்பாலானவை முழுதாக இணையத்தில், காசில்லாமல் இருக்கின்றன. டிரினிட்டி கல்லூரி கெல்ஸ் நூல் முழுவதையும் போட்டிருக்கிறது. சினாய் ஏட்டின் நான்கு ஊர்த் துண்டுகளையும் 2009இலேயே ஒன்றுசேர்த்துவிட்டார்கள். சுவிஸ் கைப்பிரதிகளுக்கு ஈ-கோடிசெஸ் என்று தளம். அதில் செயின்ட் காலன் 904ஐ எடுத்து, ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கங்கள் ரொம்பத் தெளிவு, தோலில் ரோமக்கால் இருந்த புள்ளிகள்கூடத் தெரியும்.